கழுவி ஒப்படைக்க இருந்த கார்

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கார்க் கதவின் ரப்பர் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார் முதலாளி. பக்கத்தில் இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். தோளில் உலர்ந்த துணி. மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு. படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிடும் அதே முறை.

"என்ன, நாளைக்கு எங்கயாவது ஊர்வலமா?" என்று கேட்டேன். நான் எதிர்வீடு.

"இல்லக்கா. காலையில ஃபைனான்ஸ்காரங்க வண்டியை எடுக்க வராங்க. அழுக்கோட எப்படிக் கொடுக்கறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சோப்பு வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். இடுப்பு வலி தடுத்தது.

முதலாளி என்பது பட்டப்பெயர். அவர் எதற்கும் முதலாளி இல்லை. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியோர் இல்லத்தில் அவர் இன்னும் உதவியாளர். அதற்கு முன் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். அதை மூடியதும் எங்களிடம் வந்தார். நல்ல கை. சவரம் செய்ய அவர்தான் வேண்டும் என்று பெரியவர்கள் அடம் பிடிப்பார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம்: யாரையும் வேறு இடத்துக்கு அனுப்பும்போது குளிப்பாட்டித்தான் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அவசரத்தில் முகத்தை மட்டும் துடைத்து அனுப்பிவிடுவார்கள். இவர் இறந்தவருக்குக்கூட நகம் வெட்டித் தலை வாரிய பிறகே கீழே இறக்குவார். சவ வண்டிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார். இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒன்று மட்டும் வராது. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மனைவி சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலியைப் பார்த்தால் பஸ்காரர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆகவே ஒரு பழைய கார் வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள். வங்கி இவர் சம்பளத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. பழைய கார் விற்கும் இடத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குளிர்பானம் கொடுத்து, ஒரு தனியார் ஃபைனான்ஸ் தாளை நீட்டினார்.

"சார், சொந்த உபயோகம்னு போட்டா ஆயிரத்தெட்டு கேள்வி கேப்பாங்க. தொழிலுக்குன்னு போட்டுட்டா ஒரே கையெழுத்துல வேலை முடிஞ்சுது. உங்களைப் பாத்தாலே முதலாளி களை தெரியுது!"

அந்தக் களையில் மயங்கித்தான் இவர் கையெழுத்துப் போட்டார். தொழிலுக்கு வாங்கும் கடன் என்றால் பொதுமக்களைக் காக்கும் கடன் விதிகள் பல அதற்குப் பொருந்தாது என்பதை அந்த ஆள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. காரோடு ஒரு பெட்டி விசிட்டிங் கார்டும் இலவசம். இவர் பெயர், அதன் கீழே "உரிமையாளர், பயணிகள் போக்குவரத்து". ஒரு பயணியையும் ஏற்றாத மனிதர், கார்டை டாக்டருக்குக் கொடுத்தார், சமையல்காரருக்குக் கொடுத்தார், தன் பெயரே மறந்துபோன பெரியவருக்கும் கொடுத்தார். மறுநாளிலிருந்து வார்டு முழுக்க ஒரே பாட்டு: "முதலாளி, மூணாம் படுக்கைக்கு மூத்திரப் பை மாத்தணும், சீக்கிரம் வாங்க!"

கொஞ்ச நாளில் கியர் பெட்டி போயிற்று. விற்றவரிடம் போனால், "வண்டி ஃபைனான்ஸ் பேர்ல இருக்கு, அவங்களைக் கேளுங்க" என்றார். ஃபைனான்ஸில், "வித்தவரைக் கேளுங்க" என்றார்கள். இவர் பந்து மாதிரி அங்கும் இங்கும் உருண்டு, கடைசியில் கைக்காசைப் போட்டுப் பழுது பார்த்தார். தவணை பின்தங்கியது. அதற்கு அபராதம், அபராதம் தாமதமானதற்கு இன்னொரு கட்டணம், கேட்க வந்தவரின் வழிச்செலவும் இவர் தலையில்.

வண்டி கழுவியதற்கு முந்தின நாள் ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கு நியாயம் கேட்கப் போயிருக்கிறார். மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து இவருடைய கார்டையே எடுத்து மேசைமேல் வைத்தாராம். "அந்தச் சட்டமெல்லாம் பொதுமக்களுக்கு சார். நீங்க தொழிலதிபர்!" முதலாளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"கொடுத்துட்டா கடன் தீந்துடுமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஏலம் விட்டு, குறையற பணத்தை நான் கட்டணும்."

"ஆக, காரும் போகும், கடனும் நிக்கும். உங்க வீட்டம்மாவை எதுல கூட்டிட்டுப் போவீங்க? இந்த வாளியிலயா?"

அவர் பிரஷ்ஷை உதறினார். நுகர்வோர் அலுவலகம் மூடும் முன் என் போனிலிருந்து அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். எடுத்த பெண்ணுக்குப் பொறுமை அதிகம்.

"வாடகைக்கு ஓட்டறீங்களா?"

"இல்லம்மா."

"கடை, கம்பெனி ஏதாவது?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் தொழிலுக்குன்னு கையெழுத்து போட்டீங்க?"

"அவர் ரொம்ப ஆசையா சொன்னாரும்மா."

அந்தப் பெண் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காகிதத்துல என்ன இருந்தாலும், வண்டி உண்மையிலேயே வீட்டுக்குத்தான்னு காட்டினா பேச இடம் இருக்கு. ஆனா சாவியை நீங்களா கொடுத்துட்டா, விரும்பி ஒப்படைச்சதா எழுதிக்குவாங்க. அப்புறம் ரொம்பக் கஷ்டம். கொடுக்காதீங்க. காலையில நேர்ல வந்து புகார் எழுதிக் கொடுங்க."

"ஆனா நான் வார்த்தை கொடுத்துட்டேனேம்மா" என்றார் இவர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த மனைவிக்கு இப்போது பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் குறி தப்பாது.

"வார்த்தை கொடுத்தது நீங்க. நான் கொடுக்கல. காலையில என்னை முன் சீட்ல உக்கார வைங்க."

மறுநாள் காலை நானும் முதலாளியுமாக அவர் மனைவியைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டோம். இழுவை வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் இறங்குங்க."

"எனக்கு இறங்க வராது. இறக்கணும்."

வந்தவர்களில் மூத்தவர் முதலாளியைப் பார்த்தார். "என்ன சார், நீங்கதானே வரச் சொன்னீங்க? இறக்குங்க."

முதலாளி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் "சரிங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கார்க் கதவை மறித்து நின்றேன்.

"சொன்னது வாஸ்தவம்தாங்க" என்றார். "ஆனா முடியாது."

மெல்லிய குரல்தான். அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். "முடியாதுங்க."

"அப்ப நாங்களே தூக்கி இறக்கவா?"

"தொட்டுப் பாருங்க," என்றேன். "அந்தத் தோளைத் தப்பாப் பிடிச்சா கழண்டு வந்துடும். ஆஸ்பத்திரிச் செலவு உங்க கம்பெனியா, நீங்களா?"

கையை நீட்டியவர் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மூத்தவர் ஒதுங்கிப் போய் போனில் பேசினார். அந்தப் பக்கம் மேலாளர் கத்துவது எங்களுக்கும் கேட்டது. திரும்பி வந்தவர், "ஒரு கையெழுத்தாவது போட்டுக் கொடுங்க சார், நாங்க வந்துட்டுப் போனதுக்கு" என்றார்.

"கையெழுத்தா?" என்றார் காருக்குள் இருந்தவர். "போட்ட ஒண்ணே போதும்ப்பா. போய்ட்டு வா."

போனார்கள். அங்கிருந்து நேராக நுகர்வோர் அலுவலகம். முந்தைய நாள் பேசிய பெண்தான் புகாரை எழுதி வாங்கினார். இவருடைய சம்பளச் சீட்டையும் சிகிச்சை அட்டையையும் நகல் எடுத்து இணைத்தார். இவர் தரப்பே ஜெயிக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை வண்டி உங்களிடமே இருக்கட்டும், தவணைக் கணக்கை நாங்கள் கேட்டு வாங்குகிறோம் என்றார். எனக்கு அந்தமட்டும் போதும்.

சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தப்பிவிட்டது. அங்கிருந்த பயிற்சியாளர் தாமதத்துக்காக முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார். மனைவி சுவரோரம் பொருத்தியிருந்த பயிற்சிக் கம்பியை இடக்கையால் பிடித்து எழுந்து நின்றார்.