ஆமி வந்த நாளில் ஒரு விருந்து

ஒஸ்லோவில் என்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த இனேஸ், போர்த்துக்கல்காரி. ஒரு வசந்தத்தில் என்னை அழைத்தாள். "ஏப்ரல் இருபத்தைந்து வீட்டை வா. ஆமி லிஸ்பனுக்குள்ள வந்த நாள். எல்லாரும் கூடுவம்."

மட்டக்களப்பில் எங்கள் கிராமத்துக்குள்ளும் ஆமி, அதுதான் ராணுவம், வந்த நாள் ஒன்று உண்டு. வருஷாவருஷம் அன்றைக்கு, அந்த நாளில் செத்த அண்ணனுக்காக விளக்கேற்றுவேன். அதனால் வெள்ளைச் சேலை உடுத்தி, ஒரு பெரிய மெழுகுதிரியோடு கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்ததும் பாட்டும் சிரிப்பும்.

"வீடு மாறி வந்திட்டமோ?" என்றார் கணவர்.

இனேஸின் அப்பா என் கையில் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவைத் தந்தார். 1974இல் அன்று லிஸ்பனுக்குள் வந்த சிப்பாய்களில் அவரும் ஒருவராம். சர்வாதிகார ஆட்சியை ராணுவமே கவிழ்த்ததாம். வீட்டுக்குள் இருக்கும்படி வானொலி சொல்லியும் கேளாமல் சனம் தெருவுக்கு வந்து துப்பாக்கிக் குழாய்களில் பூச் செருகியதாம்.

"ஆமியைக் கண்டு சனம் ஓடேல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் ஓடவேணும்?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அதற்குள் இனேஸ் மெழுகுதிரியை வாங்கி, "என்ன வடிவு!" என்று மேசை நடுவில் ஏற்றிவைத்தாள். எல்லோரும் அதைச் சுற்றி நின்று பாடினார்கள். அது யாருக்காகக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை.

அந்தப் பூவை அண்ணனின் படத்துக்கு வைக்க மனம் வரவில்லை. எறியவும் வரவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்க யன்னலில் ஒரு கிளாசில் வைத்து, வாடும்வரை தண்ணீர் மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.