இரண்டு பெட்டிகளும் என் வலது கண்ணும்

நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை. முதலில் வெளிக்காட்டில் மருந்து அடித்தேன். பதினேழு வருடத்துக்கு முன்னால் லேப்புக்கு ஓர் ஆள் வேண்டும், கை நடுங்காத ஆளாக வேண்டும் என்றார்கள். எனக்கு நடுங்காது. எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான். ஆண் பூவிலிருந்து உதிர்த்துக் காயவைத்த மகரந்தத் தூள் பையில் வரும். அதில் கடுகளவு எடுத்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, கண்ணாடித் துண்டில் வைத்து, இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் விடுவேன். உயிர் உள்ள தூளுக்கு வால் முளைக்கும். செத்ததுக்கு முளைக்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும். நூற்றுக்கு எழுபது வால் இருந்தால் அந்தப் பை விதைத் தோட்டத்துக்குப் போகும். குறைந்தால் எரித்துவிடுவார்கள்.

நான் எண்ணியதை வேறு யாரும் திரும்ப எண்ண மாட்டார்கள். ஆரம்பத்தில் இரண்டு பேர் எண்ணி வித்தியாசம் வந்தால் என்னுடையதைத்தான் புத்தகத்தில் எழுதினார்கள். அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இனிப்பு நீர் உண்டு, சர்க்கரை வியாதி. கிளினிக்கில் மாதம் ஒரு முறை மருந்து எடுப்பேன். ஒருநாள் அங்கே நர்ஸ் மிஸ்ஸி என் இடது கண்ணை மூடச் சொல்லிச் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாள். வலது கண்ணில் மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் பனி. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தாள். நான் அதைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். என் மைக்ராஸ்கோப் பழையது, ஒற்றைக் குழாய். பதினேழு வருடமாக வலது கண்ணால் பார்த்தே பழக்கம். கடிதத்தைக் காட்டினால் மறுபடி வெளிக்காடு. எனக்கு ஐம்பத்தாறு வயது.

அது தைப்பூசத்துக்கு முன்னால்.

தைப்பூசத்துக்குப் பின்னால் தூள் எடுக்கிறவனை மாற்றினார்கள். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஏணி வைத்து ஏறி, ஆண் குலையை வெட்டி இறக்கி, தூளைக் காயவைப்பது அவன் வேலை. அவன் கொண்டுவந்த பை ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக என் எண்ணிக்கையில் எழுபதுக்குக் கீழே விழுந்தது. அடுப்புச் சூட்டைச் சரியாகப் பார்க்கவில்லை, தூளைச் சாகடிக்கிறான் என்று மேலே முடிவு செய்தார்கள். பழம் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

போவதற்கு முன் என் வாசலுக்கு வந்தான்.

“அக்கா, நல்லா பாத்தீங்களாக்கா? நான் எப்பவும் போலத்தான் காய வச்சேன்.”

“பாத்தேன் தம்பி. செத்துத்தான் இருந்துச்சு.”

“நீங்க சொன்னா சரிதான்,” என்று போய்விட்டான்.

அன்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கமே யோசிக்காமல் இருந்தேன்.

பிறகுதான் கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. எங்கள் டாக்டர் கிள்ளானிலிருந்து வருகிறவர், முப்பது வயதுப் பெண். மருத்துவர் இல்லை, படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் படித்தது கணக்கு. பனையைப் பற்றி இங்கே வந்து கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பைக்கும் நான் எண்ணும் கண்ணாடியையே புது மைக்ராஸ்கோப்பில் கேமரா வைத்துப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் படங்களை எண்ணவும், பல வருடத்துக் காய்ப்புக் கணக்கைப் போடவும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும் என்று எழுதிக் கேட்டார். தலைமை ஆபீஸ் சரி என்றது. எந்தப் பெட்டி என்று சோதித்து, பாரம் என்கிற படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னது.

கம்ப்யூட்டர் விற்கிறவர் வேனில் இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்று சின்னது, பிஸ்கட் டின் அளவு. மற்றது அரிசி மூட்டை உயரம், உள்ளே மூன்று காற்றாடி. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்றார். நம் தமிழ் ஆள்தான், வாய் ஓயாத மனிதர்.

“பெருசு என்னங்க, வீட்டுல இருக்கிற ஐஸ் பெட்டி மாரி இருக்கு?” என்று கேட்டேன்.

“ஆன்ட்டி, இதுல மீன் வைக்க முடியாது லா,” என்று சிரித்தார். பிறகு விளக்கினார். “ஒங்க டாக்டர் எடுக்கிற படம் ரொம்பப் பெருசு. சின்னப் பெட்டியோட கார்டுல மெமரி பத்தாது. படத்த நாலுல ஒரு பங்கா சுருக்கித்தான் உள்ள விடணும். பெருசுக்கு அப்பிடியே முழுசா விடலாம்.”

எனக்கு அது புரிந்தது. பொடி எழுத்துக் கடிதத்தைத் தூரத்தில் பிடித்தால் கோடு தெரியும், எழுத்து தெரியாது. அதுபோல.

பாரத்தில் பல கட்டங்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு கரண்டு. காய்ப்புக் கணக்கைப் பெரியது சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்தது. சின்னது இரண்டு நாள் எடுத்தது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டம் கடைசியில் இருந்தது. கையால் எண்ணிய எண்ணிக்கைக்கும் பெட்டி எண்ணியதற்கும் எவ்வளவு வித்தியாசம்? கையால் என்றால் என் கை, என் கண்.

டாக்டர் நாற்பது படத்தை இரண்டு பெட்டிக்கும் கொடுத்தார். சின்னப் பெட்டி என்னோடு ஒத்துப்போனது. ஒன்று, இரண்டுதான் முன்பின். பெரிய பெட்டி படத்துக்குப் படம் அதிகமாக எண்ணியது. நான் ஐம்பது என்றால் அது எழுபத்தைந்து என்றது.

“பெருசு தப்பா எண்ணுது போல,” என்றார் டாக்டர். “நெழலையும் வாலுன்னு எடுத்துக்குதா என்னமோ.”

விற்கிறவர் விடவில்லை. “டாக்டர், முழுப் படத்த பாக்கிறது பெருசுதான். ஆன்ட்டி கண்ணு தப்பா இருந்தா?”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “பதினேழு வருசமா அக்கா எண்ணுனதுதான் இங்க கணக்கு. அத வச்சுத்தான் ஒங்க பெட்டிய அளக்கறோம். ஒங்க பெட்டிய வச்சு அக்காவ அளக்க முடியாது.”

என்னைத் திரையின் முன் உட்காரவைத்தார். ஒரு தூளின் ஓரத்தைக் காட்டினார். “அக்கா, இது வாலா, நெழலா?”

எனக்கு அது தெளிவாகத் தெரியவில்லை. முன்னால் குனிந்து நன்றாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

“நெழல் மாரிதான் இருக்கு டாக்டர்.”

“பாத்தீங்களா?” என்று விற்கிறவரிடம் சொன்னார். சின்னப் பெட்டிக்கு எதிரே டிக் போட்டார். அதோடு பேச்சு முடிந்தது. வந்தவருக்கு நல்ல மீன் சாப்பிட வேண்டுமாம். டாக்டர் பாசிர் பெனம்பாங்குக்குக் கூட்டிப்போனார். என்னையும் கூப்பிட்டார். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

லேப்பில் நான் மட்டும். பெரிய பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அதே படம்.

உட்கார்ந்தேன். மௌஸின் உருளையை உருட்டினால் படம் பெரிதாகும், டாக்டர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உருட்டினேன். தூள் ஒன்று தோசை அளவுக்கு வந்தது. வலது கண்ணைக் கையால் பொத்தினேன். இடது கண்ணால் பார்த்தேன். வால். தலைமுடி போல மெல்லிசு, ஆனால் வால். பக்கத்துத் தூளுக்கும் இருந்தது. அதற்குப் பக்கத்திலும்.

கையை மாற்றிப் பொத்தினேன். வலது கண்ணில் உருண்டையும், தடித்த வால் சிலதும் மட்டும். மெல்லிசு வால் ஒன்றும் இல்லை.

சின்னப் பெட்டி ஏன் என்னோடு ஒத்துப்போனது என்று அப்போது விளங்கியது. அதற்கும் சுருங்கிய படம், எனக்கும் மங்கிய படம். இரண்டு பேருக்கும் மெல்லிசு வால் தெரியாது.

அத்தோடு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பழைய படங்களில், தூள் எடுத்த தம்பியின் பைகளைத் தேடினேன். எழுத்துக் கூட்டிப் படித்து, தேதி பார்த்து, கடைசிப் பையின் படத்தை எடுத்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நூறு எண்ணினேன். எண்பத்தொன்று வால். புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

புத்தகத்தை மூடாமல் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

டாக்டர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம். “அக்கா, ஒங்களுக்கு எறா கட்டிக்கிட்டு வந்தேன்.”

வாங்கி மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை.

“டாக்டர், பெரிய பெட்டி சரி. நான்தான் தப்பு.”

விற்கிறவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னார்.

புத்தகத்தையும் படத்தையும் காட்டினேன். அவரே எண்ணிப் பார்த்தார். இரண்டு முறை எண்ணினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எப்பருந்து அக்கா?”

“தெரியாது டாக்டர். கிளினிக்ல கடுதாசி குடுத்தது தைப்பூசத்துக்கு முன்ன.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வெளிய அனுப்பிருவீங்க.”

அவர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். “எத்தன பைய எரிச்சோம்?” என்று கேட்டார். என்னைக் கேட்டாரா தன்னைக் கேட்டாரா தெரியவில்லை. பிறகு, “அந்த ஆள்,” என்றார். அவனை மாற்றிய தாளில் இவர் கையெழுத்தும் உண்டு.

அன்று வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் பழக்காட்டிலிருந்து வந்திருந்தான். படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஏறிய முள்ளை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கடிதத்தையும் சொன்னேன்.

அவன் தலை தூக்கவில்லை.

“நான் அன்னிக்கு வாசல்ல வந்து கேட்டேன்ல?”

“கேட்டே.”

“அப்பவும் கடுதாசி இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றாள். எனக்கு உட்கார நாற்காலி போடவில்லை. எப்போதும் போடுவாள். நான் வந்துவிட்டேன்.

பாரத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினார்கள். கிள்ளானிலிருந்து இரண்டு பேர் வந்து திரையில் முழுப் படத்தை வைத்து எண்ணினார்கள். பெரிய பெட்டியோடு ஒத்துப்போனது. பெரிய பெட்டியே வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெளியே அனுப்பவில்லை. டாக்டர் பேசியிருக்க வேண்டும். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது நான் கண்ணாடித் துண்டு தயார் செய்வதோடு சரி. எண்ணுவது பெட்டி. கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கூட்டம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அவனைப் பழைய வேலைக்கு எடுத்துவிட்டார்கள். தூள் பையோடு லேப்புக்கு வருகிறான். முன்பெல்லாம் பையை மேசையில் வைத்து, “அக்கா, பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். எண்ணிக்கையை மறுநாள் கேட்பான், சில நாள் கேட்காமலும் இருப்பான்.

இப்போது அப்படி இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருகிறான். நான் கண்ணாடியைக் கேமராவுக்கு அடியில் வைக்கும்வரை என் கையைப் பார்க்கிறான். பிறகு திரைக்கு முன்னால் போய் நிற்கிறான். பெரிய பெட்டியின் காற்றாடிச் சத்தம் ஏறி இறங்குகிறது. எண் வருகிறது. அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வெளியே போகிறான்.

அந்த எண்ணை நான் புத்தகத்தில் எழுதுகிறேன்.