ஆயுத பூசையில் வைத்த துப்பாக்கி

என் மேசை இழுப்பறையில் எட்டாக மடித்த ஒரு தாள் கிடக்கிறது. ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீசார் கொடுத்த உரிமச் சீட்டு. குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். மடிப்புகள் நைந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அது என் பெயர் அல்ல. மலாயாவில் புலாவ் செபாங்கிற்குப் பக்கத்தில், கணக்கெழுதும் கிராணியாக நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துப் பெரிய கங்காணியின் பெயர்.

துப்பாக்கிக்குச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் போன நூற்றாண்டில் எழுதப்பட்டது. பட்டணங்களில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மோதிக்கொண்ட காலத்துக்கு ஏற்பட்ட விதிகள் என்று படித்திருக்கிறேன். மோதியவர்கள் செத்துப்போனார்கள், சட்டம் சாகவில்லை. எங்கள் காலத்தில் அது காட்டுப்பன்றி சுடுகிறவனைக் கட்டிப்போட்டது. அரசாங்க வெளியீடுகளைச் சேர்த்துப் படிப்பதும், நடந்ததைக் கிழமையோடு குறித்து வைப்பதும் என் பழக்கம். அந்தச் சட்டத்தின் பிரிவுகள் எனக்கு எண் எண்ணாக மனப்பாடம். கங்காணிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் தோட்டத்துக்கு ஒரே ஒரு சீட்டு என்றபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிபாரிசு செய்தது அவரைத்தான். நானும் கேட்டிருந்தேன். “பன்றி மேல் மை தெளிக்கப் போகிறாயா?” என்று துரை சிரித்தார். பிறகு கங்காணியின் மனுவை எழுதும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

அதன்பின் எனக்கு நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தால் மளிகைக்கடைக்காரர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். ஒருநாள் நான் முன்னால் நின்று சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். “கிராணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, துப்பாக்கி வருது” என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் கறி கொதித்தது. “கங்காணி அண்ணன் குடுத்து விட்டாங்க. தொடைக்கறி, உங்களுக்குன்னே எடுத்து வெச்சாங்களாம்” என்றாள் என் மனைவி. அவள் அந்த அண்ணனைச் சொன்ன தொனியில் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. கறி நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ரப்பர் விலை விழுந்து, வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போன வருஷம் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளிதான் பல வீடுகளில் சோறு. பன்றிகள் கிழங்கைத் தோண்டாமல் இருந்ததற்கு அந்த ஒற்றைக்குழல்தான் காரணம். இது எனக்கும் தெரியும்.

அந்த வருஷத்து ஆயுத பூசை ஒரு திங்கட்கிழமை வந்தது. பால் வெட்டும் கத்திகள், வாளிகள், மண்வெட்டிகள் எல்லாவற்றையும் கழுவி மாரியம்மன் கோயிலில் அடுக்கிப் பொட்டு வைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். பூசைக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். கங்காணியும் தோட்டாவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் சாத்தினார். செவ்வாய்க்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். கோயிலில் ஆள் இல்லை. சந்தனப் பொட்டும் செவ்வரளி மாலையுமாகத் துப்பாக்கி மட்டும் நின்றது. சீட்டுக்காரர் தம் பொறுப்பிலிருந்து ஆயுதத்தை விடக்கூடாது என்பது நிபந்தனை. அந்த மாலையைக் கண்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சாமி அல்ல, அந்தப் பிரிவின் எண்.

அன்று மத்தியானமே மொட்டைக் கடுதாசி எழுதினேன். இடக்கையால், கோணல் எழுத்தில், போலீஸ் ஸ்டேஷனுக்கு. அந்த வாரக் கடைசியில் ஒரு சார்ஜனும் இரண்டு மாத்தா போலீஸ்காரர்களும் வந்து விசாரித்தார்கள். கங்காணி மறைக்கவில்லை. “ஆமாங்க, சாமிகிட்டதான் வெச்சேன்” என்றார். துப்பாக்கி போயிற்று. சீட்டில் கோடு விழுந்தது.

அடுத்த வாரம் அவர் ஆபீசுக்கு வந்து, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். “ஐயா, நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா தொரமாரு கேப்பாங்க.” எழுதினேன். மோசமாக எழுத முயன்றும் முடியவில்லை. ஆயுத பூசை என்றால் என்ன, தோட்டா இல்லாத துப்பாக்கியால் என்ன கேடு, மரவள்ளி போனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்றெல்லாம் மூன்று பக்கம். அதைவிட நல்ல மனுவை என் வாழ்நாளில் நான் எழுதவில்லை. பதில் இரண்டே வரியில் வந்தது. முடியாது.

தைக்குள் பன்றிகள் கொல்லையை உழுதுவிட்டன. “இந்த வருஷம் பன்னிக்குத்தான் பொங்கல், கிராணி ஐயா” என்று ஒருத்தி என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆட்குறைப்பில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. அவர்களோடு கங்காணியும் கிளம்பினார். “என் ஆளுங்க போறப்ப நான் மட்டும் இங்க என்ன பண்றது” என்றாராம்.

வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்ற கணக்குத்தான். வண்டி வருவதற்கு முன் அவர் என்னைத் தனியே அழைத்தார்.

“சார்ஜன் அன்னிக்கே சொல்லிட்டாருங்க. மொட்டைக் கடுதாசில யாரும் சட்டத்து நம்பரெல்லாம் போட மாட்டாங்களாம். உங்க தோட்டத்துல அவ்வளவு படிச்சது யாருன்னு கேட்டாரு.”

வண்டி வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன். “அப்புறம் ஏன் என்கிட்டயே மனு எழுத வந்தீங்க?”

“வேற யாருக்கு அந்தச் சட்டம் தெரியும்?”

சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து என் கையில் வைத்தார். “இத நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் ரொம்ப ஆசை.” குத்தலாகச் சொன்னாரா, இரக்கப்பட்டா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குத்தலாகவே இருக்கட்டும் என்று விரும்புகிறேன்.

அன்று வியாழக்கிழமை, குறித்து வைத்திருக்கிறேன். பிறகு எனக்குப் பெரிய கிராணி பதவி கிடைத்தது. கடைத்தெருவில் எனக்கும் நாற்காலி போட்டார்கள். ஆனால் என் ஆட்களுக்காக நான் எந்த ரயிலிலும் ஏறியதில்லை. தாளை இன்றும் சில நாள் பிரித்துப் பார்ப்பேன். சிவப்புக் கோடு வெளுத்து மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. பெயர் மங்கவில்லை. அதைப் பார்க்கும்போது, இத்தனை வயதிலும், வயிறு எரியத்தான் செய்கிறது.