எடை ஏற வேண்டிக்கொண்ட வாரம்

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் ஷெட் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உப்பளத்திலிருந்து வரும் உப்பை அரைத்து, அயோடின் கலந்து, கவரில் நிரப்பி மூட்டை கட்டும் இடம். பகல் முழுக்க நின்றபடிதான் வேலை. நாற்பது வயதைத் தாண்டியதும் வலது முட்டி வலிக்கத் தொடங்கியது. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா எடையக் குறைக்கலன்னா எந்த மாத்திரையும் கேக்காதும்மா" என்றார்.

ஷெட்டில் எனக்குப் பக்கத்தில் நின்று கவருக்கு சீல் வைக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருடைய வீட்டுக்காரர் சவுதியில் வண்டி ஓட்டுகிறார். அக்காவுக்கும் அப்போதுதான் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது.

"நீ ஒருத்தியா இருந்தா ரெண்டு நாள்ல விட்டுடுவ. நானும் வர்றேன், சேர்ந்தே இருப்போம்" என்றார்.

இருவரும் சோற்றை விட்டோம். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும், ராத்திரி ஒரு சப்பாத்தி. பசிக்கும் நேரத்துக்கென்று அக்கா ஃபிளாஸ்கில் காய்கறி சூப் கொண்டுவருவார். ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடிப்போம். சனிக்கிழமை சாயங்காலம், சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, மூட்டை நிறுக்கும் மெஷின் மேல் ஒவ்வொருவராக ஏறி நிற்போம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூட்டை தூக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். நாங்கள் கண்டுகொள்ளமாட்டோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அளமெல்லாம் தண்ணீர். வெயில் காலத்தில் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்பைத்தான் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வீடு பிரம்மதேசத்தில். தினமும் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு வந்துபோனதில் சளி பிடித்தது. முதலில் தும்மல், பிறகு தொண்டை, அதற்கப்புறம் மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். அன்று வேலையில்லாததால் வீட்டில் இருந்தார். சோற்றைக் குழைய வடித்து மிளகு ரசம் வைத்திருந்தார்.

"ரசம் மட்டும் குடுங்க. சோறு வேணாம்" என்றேன்.

"சளி புடிச்சிருக்கும்போது என்னா டயட்டு? ஒடம்புல தெம்பு வேணாமா?"

"இப்ப விட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுங்க."

ரசத்தை மட்டும் டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், சளி பிடித்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். மூக்கு அடைத்திருந்ததால் எந்தச் சாப்பாட்டின் வாசனையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால்கூட நாக்கு ஊறவில்லை. பசியென்பதே மறந்துபோனது. சப்பாத்தியையும் நிறுத்தினேன். எடை முன்னைவிட வேகமாக இறங்கியது. அக்காவே பொறாமைப்பட்டார்.

சளி குறைந்தது, இருமல் மட்டும் போகவில்லை. இரண்டு வாரம் தாண்டியும் வறட்டு இருமலாக நின்றது. சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கணகணவென்றிருக்கும். களைப்பென்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்திலிருந்து எங்கள் ஷெட்டுக்கு முகாம் போட வந்தார்கள். பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். என் முறை வந்தபோது நர்சம்மா கேட்டார்.

"இருமல் இருக்குதாக்கா?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இருக்குதுங்க."

"எடை ஏதாவது கொறைஞ்சிருக்கா?"

"ஆறு கிலோங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பசி எப்பிடி?"

"பசியே எடுக்கறதில்லீங்க."

"சாயங்காலத்துல காய்ச்சல் அடிக்குதா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது, அவர் எதைத் தேடுகிறார் என்று. "டயட்ல இருக்கேங்க. அதனாலதான் எடை..." என்று அவசரமாகச் சொன்னேன்.

"அதுவாவும் இருக்கலாம்க்கா. டி.பி. இல்லன்னு பாத்துட்டா நிம்மதி. நாளைக்குக் காலையில சளி டெஸ்ட்டுக்குக் குடுத்துடுங்க. எக்ஸ்ரேவும் எடுத்துடலாம்."

கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்த ஆறு கிலோவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நான் பட்டினி கிடந்து குறைத்தது எவ்வளவு, நோய் தின்றது எவ்வளவு? யாரிடம் கேட்க முடியும்? அத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று ரசித்த கழுத்தெலும்பை அன்று பார்க்கவே பயமாக இருந்தது. என் பெரியப்பாவுக்கு அந்த நோய் வந்திருக்கிறது. அவரும் இப்படித்தான், இளைத்து, இருமி, சாயங்காலமானால் போர்வையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று எனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"இது எதுக்கு?"

சொன்னேன்.

"டெஸ்ட் எடுக்கத்தான சொன்னாங்க. இருக்குதுன்னா சொன்னாங்க?"

"இல்ல."

"அப்பறம் என்னா? இருந்தாலும் மருந்து இருக்குது. மொதல்ல சாப்பிடு."

அந்தத் தனித் தட்டிலேயே சோறு போட்டு, குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தார். ருசி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மகள் புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ரிசல்ட் வரும்வரை அவளிடம் சொல்ல வேண்டாமென்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

மறுநாள் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரேவும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முகத்தில் மாஸ்க். அக்காவுக்குப் பக்கத்தில் நிற்காமல் கடைசி மேஜைக்குப் போய் நின்றேன். டீ நேரத்தில் அவரே தேடி வந்தார்.

"என்னாடி, எம்மேல கோவமா?"

"இல்லக்கா. டி.பி. டெஸ்ட் குடுத்திருக்கேன். நாம ஒரே டம்ளர்லதான குடிச்சோம். உனக்கும் குடுத்துட்டனோன்னு இருக்குது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா பயந்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு பக்கத்திலிருந்த காலிச் சாக்குக் கட்டு மேல் உட்கார்ந்தார்.

"குடுத்திருந்தா நானும் மருந்து சாப்பிட்டுப் போறேன். தனியா இருக்கறத விட ரெண்டு பேரா இருந்தா நல்லதுதான? அல்லா பாத்துப்பான். நீ மதியம் என்னா எடுத்தாந்த?"

"வெள்ளரிக்கா."

"அதத் தூக்கிப் போடு. என்கிட்ட சோறு இருக்குது."

அப்போதுதான் தெரிந்தது, அவர் இரண்டு நாளாகவே சோறு கொண்டுவருகிறார், என்னிடம் சொல்லத்தான் கூச்சப்பட்டிருக்கிறார் என்று. டப்பா மூடியில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். எதிரெதிராகத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ரிசல்ட் வரும்வரை தினமும் அந்த மெஷின் மேல் ஏறினேன், இந்தத் தடவை எடை கூட வேண்டும் என்பதற்காக. கூடினால் நோயில்லை என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் வாழைப்பழம். முதல் நாள் எண் கொஞ்சம் ஏறியது. மறுநாள் அப்படியே நின்றது. "செருப்பக் கழட்டிட்டு நின்னா எப்பிடி ஏறும்? நேத்து செருப்போட நின்ன" என்றார் அக்கா. போட்டுக்கொண்டு நின்றேன். ஏறியது. அது எதையும் காட்டாது என்று இருவருக்குமே தெரியும். இருந்தும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. கையெல்லாம் உப்பு. அக்காதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சளியில கிருமி இல்ல. எக்ஸ்ரேவும் நல்லா இருக்குது. ஒருவாட்டி டாக்டரப் பாத்துட்டுப் போங்க" என்றார் நர்சம்மா.

"கேக்குதா?" என்று அவர் மறுபடி கேட்க, அக்காதான், "கேக்குதுங்க, நல்லா கேக்குதுங்க" என்றார். பிறகு என் உப்புக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அப்போதே சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். "சாதாரண சளிதாங்க. நீங்க சரியா சாப்பிடாம இருந்ததுல ஒடம்பு தேற லேட்டாயிடுச்சு. எடை கொறைக்கறது நல்லதுதான். ஆனா ஒடம்பு சரியில்லாதப்ப அத நிறுத்தி வைங்க. தெம்பு வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பொம்மையார்பாளையத்தில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தார். சொன்னதும், "சரி, சாயங்காலம் வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஆனால் நான் வீடு போய்ச் சேர்ந்து கை கால் கழுவி முடிப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். உள்ளே வந்தவர், தனியாக வைத்திருந்த என் தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு அடுக்கிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார்.

மகளிடம் அப்புறம்தான் சொன்னோம். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல? நான் என்னா வேத்தாளா?" என்று ஆரம்பித்து, டயட்டையும் விடாமல் திட்டித் தீர்த்தாள். வாசலில் மழை விட்டிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நிதானமாக ஒரு டீ குடித்து முடித்தேன்.