முன்பக்கம் கொக்கி வைத்த கவுன்

பாக்கியலெட்சுமிக்கு வயது நாற்பத்தாறு. அதில் பதினோரு வருஷம் ஸ்பிரிங்வெளி தேயிலை மலையிலுள்ள பெரிய பங்களாவில் பாத்திரம் கழுவினாள். ஒரு நாள்கூட முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. போக, வர எல்லாம் பின்னாலிருந்த குசினிப் பக்கம்தான். பங்களாவை ஹோட்டலாக்கிப் பழைய ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திய பிறகு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலேயே தையல் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

கொழும்பிலிருந்து தயானி என்ற பெண் தேடி வந்தது அந்தத் தையலுக்காகத்தான். அவளும் நான்கு சிநேகிதிகளும் வெள்ளைக்காரத் துரைசாணிகள் மாதிரி கவுன் போட்டுக்கொண்டு பழைய தேவாலயம், பழைய பங்களா என்று சுற்றுகிறவர்கள். வேறு கவலை இல்லாவிட்டால் மனுஷருக்கு என்னென்னவோ ஆசை வரும். மெஷின் கூடாதாம், அந்தக் காலத்தைப் போலக் கையால்தான் தைக்க வேண்டுமாம். ஐந்து கவுனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"உனக்கும் ஒண்ணு தைச்சுக்க பாக்கியம். எங்களோடயே பங்களாவுக்கு வா," என்றாள் தயானி.

பத்து வயது இளையவள் பேர் சொல்லிக் கூப்பிடுவது பாக்கியத்துக்கு உறைக்கவில்லை. முன்வாசல்தான் கண்ணில் நின்றது. மிஞ்சிய துணியை ஒட்டுப்போட்டு ஆறாவது கவுனைத் தைத்தாள்.

அன்று காலை ஐந்து பேருக்கும் முதுகில் கொக்கி மாட்டிவிட்டது அவள்தான். ஆளுக்கு முப்பது கொக்கி. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். அவளுக்கு மாட்டிவிட யார் இருக்கிறார்கள்? தன்னுடையதற்கு முன்பக்கம் வைத்திருந்தாள்.

பங்களா முன்வாசல் படியில் கால் வைக்கும்போது தயானி அதைக் கவனித்தாள்.

"முன்னால கொக்கியா? அந்தக் காலத்துல வேலைக்காரிங்க உடுப்புதான் அப்படி. பரவாயில்ல, நீ ஆயாவா இரு. இந்தக் குடைய எங்களுக்குப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வா. வீடியோவுக்குச் சரியா இருக்கும்."

"ஒங்களோட வரச் சொன்னீங்களே மிஸ்."

"சரித்திரம்னா சரித்திரம் மாதிரி இருக்கணும். தப்பா நினைக்காத."

 பாக்கியம் குடையைப் படியில் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"எங்க போற? சாயந்திரம் எங்க கொக்கிய யார் கழட்டுறது?"

"கத்தரிக்கோலு வச்சு வெட்டிருங்க மிஸ்."

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கினாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னா பாக்கியம், உள்ள போகலயா?"

"போகல."

வெட்டத்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். முன்வாசல் போனால் போகட்டும். வெட்டுப்படப்போகும் அந்தத் தையலை நினைத்துத்தான் லயம்வரை அழுதுகொண்டே போனாள்.