கபடிக் களத்தில் ஒரு மனு

மனு எழுதுவதில் மாடம்பாக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் எங்கள் தெருமுனையில் எரியும் விளக்கைப் போய்ப் பார்க்கலாம். அது என் மனுவுக்கு வந்தது. அதற்குக் கீழே இருக்கும் வடிகால் மூடியும் அப்படித்தான். தொலைபேசி அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மறுத்தது. நகர் நலச் சங்கத்தில் செயலாளர் வேலைக்கு யாரும் முன்வராததால், அதையும் என் தலையில் கட்டினார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு என்று எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஓர் அடித்தல் இருக்காது. ஒரு காபிக் கறை இருக்காது. அழுக்கான காகிதத்தை எந்த அதிகாரியும் மதிக்க மாட்டார் என்பது என் கொள்கை.

எங்கள் பகுதியை வெளியாள் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாங்கள் சொல்லலாம், அது வேறு. மயிலாப்பூரில் இருக்கும் என் தங்கை, "தாம்பரம் தாண்டினா அது மெட்ராஸே இல்லக்கா" என்பாள். நான் இங்கே வீடு கட்டி வந்தபோது பேரூராட்சி. தண்ணீர் லாரி வந்தால் தெருவே ஓடும். இன்று மாநகராட்சி. பாதாள சாக்கடைக்குத் தோண்டிய தெருவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவள்தான் நான், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியவள்தான். ஆனாலும் ஒரு நாள் அந்தத் தெருவில் தார் விழுந்து, காலையில் நடைக்குப் போனபோது செருப்பு சத்தமில்லாமல் போனதே, அந்தச் சந்தோஷத்தைத் தங்கைக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு ஊர் கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அந்த வளர்ச்சி ஆசையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் நகரில் பொது உபயோகத்துக்கென்று விட்ட மனை ஒன்று உண்டு. வெறும் மண். வெகுகாலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. யாரோ வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பிறகு தினமும் மாலை ஐந்தரைக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே கபடி ஆட ஆரம்பித்தார்கள். என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதி. காய்ந்த துணியில் புழுதி, ஜன்னல் கம்பியில் புழுதி. காலையில் சுற்றி நடக்க வரும் சர்க்கரைக்காரர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை. அழகான இடம் இப்படி வீணாகிறதே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

எழுதினேன். பூங்கா வேண்டும், தரை முழுவதும் சிமெண்ட் கல் பதிக்க வேண்டும், நடுவில் செயற்கை நீரூற்று வேண்டும், சுற்றிலும் பெஞ்சு வேண்டும். நீரூற்று என் சொந்தக் கற்பனை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். எல்லாரும் படிக்காமலே போட்டார்கள். என் மனுவின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பெறுநர் என்ற இடத்தில் 'மாமன்ற உறுப்பினர் அவர்கள்' என்று எழுதியிருந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தது அவர் கணவரிடம்.

இதை விளக்க வேண்டும். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் நின்று ஜெயித்தவர் மனைவி. தண்ணீர் கேன் வியாபாரம் செய்யும் கணவர் கட்சியில் பழையவர். ஆகவே ஊரே அவரைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டது. கல்யாணப் பத்திரிகை அவர் கையில், பிள்ளையார் கோயில் வசூல் நோட்டு அவர் கையில், மனுவும் அவர் கையில். அந்த அம்மாள் கூட்டங்களில் பட்டுச் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு வணக்கம் போட்டுவிட்டு அவர் கணவர் பக்கம் திரும்பிவிடுவேன். யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. நானும்தான்.

கணவர் சுறுசுறுப்பானவர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். "கவலய வுடுங்க மேடம், முடிச்சிர்லாம்" என்றார். ஆறே மாதத்தில் மனைக்கு முன்னால் ஒரு பலகை நட்டார்கள். அதில் பூங்காவின் வரைபடம், வண்ணத்தில். நான் கேட்டது ஒன்று விடாமல் இருந்தது. நீரூற்றுக்கு நீல நிறம்கூடக் கொடுத்திருந்தார்கள். தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் புதன்கிழமை. கோவளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் தெருவில் மீன் விற்கும் பெண்ணுக்கு அது முறை நாள். ஏழெட்டு வருடப் பழக்கம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல சங்கராவாகப் பார்த்து எனக்கென்று கூடை அடியில் ஒளித்து வைத்திருப்பாள். அன்று வாசற்படியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, அந்த கிரவுண்ட கல்லு போட்டு மூட சொல்லி நீதான் எழுதினியாமே?"

"ஆமா. பூங்கா வருது. ஏன்?"

"நாங்க எங்க போயி ஆடறது?"

எனக்குப் புரியவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வியாபாரம் முடிச்சினு அங்கதான போறேன் டெய்லி. ஆஸ்பத்திரில வேல செய்ற பொண்ணுங்க ரெண்டு பேர் கீறாங்க. பொத்தேரி காலேஜ் பொண்ணு ஒண்ணு ரயிலு மாறி, பஸ்ஸு மாறி வந்துனுகீது. தை மாசம் வட்டாரப் போட்டி வருது. ஸ்கூல் கிரவுண்டு கேட்ட சாயங்காலம் பூட்டிருவாங்க. கல்லுத் தரையில விழுந்தா முட்டி பேந்துரும்க்கா."

"இத முன்னாடியே கவுன்சிலர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாக்கா நீ? கவுன்சிலரம்மா எங்க டீம் கேப்டனு. கோவளத்துப் பொண்ணு, எங்க குப்பம்தான். கடக்கர மண்ணுல ஆடி வளந்தவங்க. மரூன் கலர் டிராக் பேண்ட் போட்டுனு ஆடுறவங்க யாருன்னு நென்ச்சே?"

மரூன் பேண்ட்டை மாதக்கணக்கில் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். புழுதி கிளப்புவதில் முதல் ஆள் அந்த மரூன் பேண்ட்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தபோதே பார்க்காதவள், மாடியிலிருந்தா பார்க்கப் போகிறேன்?

அன்று மீன் குழம்பு எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கணவர் வழக்கம்போல, "சொல்லுங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க வீட்டம்மாவப் பார்க்கணும்" என்றேன். அவருக்குச் சற்று ஆச்சரியம். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டே அந்த அம்மாள் வந்தார். மரூன் பேண்ட்.

"உங்க மனு இன்னும் எங்கிட்டதான் கீதுக்கா" என்றார். "நல்லா எழுதிருந்தீங்க. எனக்குன்னு எழுதி, எங்கிட்ட ஏன் குடுக்கல?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

தொலைபேசி அலுவலகத்தில் கடைசிப் பத்து வருடம் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் என் பெயர்ப் பலகை இருக்கும். வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். பத்து வருடமும் கேட்டார்கள். பியூனைச் சார் என்று நினைத்து அவரிடம் விண்ணப்பத்தை நீட்டியவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொருமித் தீர்ப்பேன். அப்படிப் பொருமியவள், இந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் எத்தனை தடவை 'சார் இருக்காரா' என்று கேட்டிருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்காரவே கூசியது.

"தப்பு என்னுதுதான்" என்றேன். "நீங்களே இதை நிறுத்தியிருக்கலாமே?"

"மன்றக் கூட்டத்துல விவாதப் பொருளா வந்தப்பதான் நான் பாத்தேன். என் வார்டு ஜனம் கையெழுத்து போட்டு கேட்டுகீது. நான் ஆடுற எடம்னு நான் நிறுத்தினா, சொந்த வேலைக்கு நிறுத்திட்டான்னுதான பேசுவாங்க? அதுவும் நாயந்தான?" பேண்ட்டின் நாடாவை முடிந்துகொண்டார். "முதல்லயே எங்கிட்ட வந்திருந்தா, வாங்கக்கா நடந்து பாக்கலாம்னு இட்டுனு போயிருப்பேன். இப்ப நான் பேச முடியாது. எழுதின கைதான் மாத்தி எழுதணும்."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசியல்வாதிகளைப் பற்றி எனக்கும் எல்லாரையும் போல ஆயிரம் அபிப்பிராயம் உண்டு. தனக்குப் பிரியமான ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளப் பதவியைத் தொட மாட்டேன் என்று சொன்ன ஒருவரை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. ஆடும் இடம் போனாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறார். தினமும் அங்கே போய் ஆடிக்கொண்டும் இருந்திருக்கிறார். எத்தனை மனுவுக்குச் சமம் அது!

கல் இறங்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை, வார்டு ஜனங்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம். அதை அந்த மனையிலேயே வைத்தார்கள். மாநகராட்சி உதவிப் பொறியாளரும் வந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில். என் வாழ்நாளில் முதல் முறையாக, நான் எழுதிய மனு தவறு என்று நானே வாசித்தேன். இங்கே ஆடுகிறவர்களைக் கேட்காமல் எழுதினேன், உரியவரிடம் கொடுக்காமல் வேறொருவரிடம் கொடுத்தேன் என்று இரண்டையும் சொன்னேன்.

சும்மா விடுவார்களா? ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்தார். "நீங்க எழுதுவீங்க, நீங்களே அழிப்பீங்க. சுகர் வெச்சுக்கிட்டு நாங்க எங்க நடக்கறது?" என்று கத்தினார். நியாயமான கேள்வி.

கவுன்சிலர் எழுந்தார். பட்டுச் சேலைதான். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டார். மீன்காரப் பெண் ஒரு தட்டில் சுண்ணாம்புத் தூளை நீட்டினாள். அந்த அம்மாள் மனையின் நடுவாக ஓர் இடத்தை மூலையாக வைத்து, அங்கிருந்து காலால் அளந்து நடக்க ஆரம்பித்தார். டேப் இல்லை. எண்ணிக்கொண்டு நடந்து, தூளைத் தூவிக்கொண்டு, திரும்பி, மறுபடி நடந்து ஆரம்பித்த மூலைக்கே வந்தார். தரையில் வெள்ளைக் கட்டம் ஒன்று கோணல் இல்லாமல் இருந்தது.

"நீளம் பன்னெண்டு மீட்டர், அகலம் எட்டு. எங்களுக்கு இவ்ளோதான் வேணும். சுத்தி கொஞ்சம் மண்ணு. மிச்சம் எல்லாம் உங்களுது சார். ஓரத்துல நடக்கப் பாத போடுங்க, மரம் வைங்க, பெஞ்சி போடுங்க."

உதவிப் பொறியாளர் டேப் எடுத்துவரச் சொல்லி அளந்தார். ஒரு சாண் வித்தியாசம் வந்தது. வங்கி அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஓரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "நானூறு காலடி வருது. போதும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீரூற்று போனது. அதற்காக இன்றுவரை ஒருவரும் வருந்தவில்லை, நான் உட்பட.

வட்டாரப் போட்டியில் எங்கள் அணி இரண்டாவது சுற்றில் தோற்றது. தோற்றாலும் பொத்தேரிப் பெண் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பியதை வங்கி அதிகாரி இப்போதும் நடைப் பாதையில் ஆள் ஆளாக நிறுத்திச் சொல்கிறார்.

போன வாரம் களத்துக்கு விளக்கு கேட்டு ஒரு மனு எழுதினேன். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. எடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனால், வாசலில் கணவர் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் அவர் கை நீண்டது. பிறகு அவரே மடக்கிக்கொண்டு சிரித்தார்.

"எங்கிட்ட வாணாம் மேடம். அவ கிரவுண்ட்ல கீறா."

போனேன். ஆட்டம் மும்முரமாக இருந்தது. கோட்டுக்கு வெளியே, புழுதி படாமல் மனுவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கவுன்சிலர் 'கபடி கபடி' என்று எதிர்ப்பக்கம் புகுந்தார். மீன்காரப் பெண் அவர் கணுக்காலுக்குக் குறி வைத்துக் குனிந்தாள். என் மனுவின் மேல் புழுதி விழுந்தது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் பைலும் கையுமாக ஒருவர் வந்தார். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்குக் குடி வந்தவராம். குடிநீர் இணைப்பு விஷயம். அங்கே இங்கே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மேடம், கவுன்சிலர் சார் இங்க இருக்கார்னு சொன்னாங்களே?"

"சார் இல்ல. கவுன்சிலர் அதோ, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க" என்றேன். "தொட்டுட்டுத் திரும்பி வரட்டும். நில்லுங்க."

அவர் பைலை மடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.