பேட்டரி வண்டிக்குப் பின்னால் ஒன்பது குழி

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. எங்கள் அலுவலகத்து வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கப்பலேறும் முன் தலைமை எழுத்தர் பதவிக்கு ஒரு பெயரை எழுதித் தர வேண்டும். என் பெயர், இல்லையென்றால் அடுத்த மேசைக்காரனின் பெயர். "சனிக்கிழமை கோல்ஃப் மைதானத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள், பேசலாம்" என்றார்.

தைப்பூச விரதமும் அப்போதுதான் வந்து சேர வேண்டுமா? அந்தப் பதவி எனக்குக் கிடைக்க வேண்டும் என்று என் மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒருவேளைச் சோறு, எனக்குக் காவடி. அதோடு, காவடி எடுக்கும்வரை பத்து நாளும் பஸ், லோத்தோ என்று நாங்கள் சொல்லும் கார், எந்த வண்டியிலும் நான் ஏறக் கூடாதாம். என்னைக் கேட்டா நேர்ந்துகொண்டாள்? அலுவலகத்துக்கே ஐந்து மைல் நடை. ஆறாம் நாள் அந்தச் சனிக்கிழமை வந்தபோது கால்கள் எனக்குச் சொந்தமாகவே தோன்றவில்லை.

அந்த மைதானத்தில் சமதரை என்று ஒரு முழம் கிடையாது. அதிகாரிக்கு முழங்கால் வலி. அவருக்காகவே ஒரு பேட்டரி வண்டி தருவித்திருந்தார்கள். பக்கத்து இருக்கையைத் தட்டி, "ஏறிக்கொள்" என்றார், முதலில் என்னிடம்தான்.

"நடந்தே வருகிறேன், ஐயா. விரதம்."

"சாப்பிடத்தானே கூடாது? உட்காரவுமா கூடாது?" என்று சிரித்தார். அடுத்த மேசைக்காரன் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவனும் விரதக்காரன்தான், அவன் வீட்டில் வண்டியைப் பற்றி யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

நான் மூச்சு வாங்க மேடேறிச் சேரும்போது அவர்கள் அடுத்த சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு மட்டும் காற்றில் வரும். விரதத்தில் தோல் கூடாதென்று போட்டிருந்த கான்வாஸ் காலணி தூறலில் நனைந்து கனத்தது. ஐந்தாவது குழியில் முருகன்மேலேயே கோபம் வந்தது. ஏறினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஏறவில்லை. பக்தியெல்லாம் இல்லை, வீட்டில் அவள் வெறும் வயிற்றோடு இருந்தாள்.

ஒன்பதாவது குழிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பாவம், ரொம்பக் களைத்துவிட்டாய். அந்த நாற்காலிக்குக் கொஞ்சம் தெம்பான ஆள் வேண்டும்" என்றார்.

வீட்டுக்கும் நடந்துதான் வந்தேன். மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"லோத்தோல ஏறலையே நீங்க?"

"இல்ல. முழுக்க நடந்துதான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வெந்நீர் கொண்டுவந்து என் கால்களை எடுத்து அதில் வைத்தாள்.

"ஆலே, சரி, அப்போ அந்த வேலை நமக்குத்தான். முருகன் பாத்துக்கிட்டுதானே இருக்காரு."

விரதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. நான் தலையாட்டினேன்.